ஏசுபாதத்தின் வினைச்சொற்கள்

குரோம்பேட்டை, அஸ்தினாபுரம், செம்பாக்கம் ஆகிய மூன்று ஊர்களுக்குள் ஏசுபாதம் முப்பத்திரண்டு வீடுகள் கட்டியிருக்கிறார் என்று நாம் தாராளமாகச் சொல்லலாம். அவரைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார். "முப்பத்திரண்டு வீடு முடிஞ்சிருக்கு" என்பார். மழைக்குக் காளான் முளைப்பதுபோல வீடுகள் தாமாக முளைத்து, தாமாக வெள்ளையடித்துக்கொண்டு நிற்கின்றன என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

1993-இல் அவருக்கு வயது முப்பத்தொன்பது. சிவில் டிப்ளமா படித்துவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு நடுத்தரமான கட்டட கம்பெனியில் பதினாறு வருஷமாக சூப்பர்வைசர். பி.இ. படித்தவர்கள் வந்தார்கள், இரண்டு வருஷம் இருந்தார்கள், துபாய்க்குப் போனார்கள். ஏசுபாதம் மட்டும் அதே மொபெட்டில், அதே டிபன் கேரியரோடு, காலை ஏழரை மணிக்கு சைட்டில் நின்றார். காகிதத்தில் பொறுப்பாளர் என்று வேறொருவர் பெயர் இருக்கும். வேலையை ஓட்டுவது இவராக இருக்கும். அதில் அவருக்குப் பெரிய மனக்குறை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிடுவார், படுத்ததும் தூங்கிவிடுவார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கூரையில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய பேச்சில் மட்டும் ஒரு விசேஷம். அதை அவருடைய விசேஷம் என்பதுகூடச் சரியில்லை; சைட்டில் எல்லோருமே அப்படித்தான் பேசினார்கள். பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் செய்வினை உண்டு, செயப்பாட்டுவினை உண்டு. கட்டட வேலையில் மூன்றாவதாக ஒன்று உண்டு. அதற்கு ஆச்சுவினை என்று நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். கம்பி கட்டியாச்சு. ஜல்லி வந்தாச்சு. கான்கிரீட் போட்டாச்சு. சென்ட்ரிங் பிரிச்சாச்சு. யார் கட்டினார், யார் பிரித்தார் என்று அந்தச் சொல்லுக்குள் கையை விட்டுத் துழாவினாலும் ஒருத்தரும் அகப்பட மாட்டார்கள். வேலை நன்றாக வந்தால் யாருக்கும் மாலை போட வேண்டியதில்லை. கோணலாக வந்தால் யார் தலையும் உருள வேண்டியதில்லை. இவ்வளவு சௌகரியமான சொல்லைக் கண்டுபிடித்தவருக்குச் சிலையே வைக்கலாம். என்ன செய்வது, அவர் யாரென்றும் அந்தச் சொல்லில் இருக்காது.

இதில் கைதேர்ந்தவர் சின்னப்பன் மேஸ்திரி. ஐம்பதைத் தாண்டியவர், ஏசுபாதத்தோடு பத்து வருஷமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறவர். வாசல் நிலை ஒரு அங்குலம் கோணலாக நிற்கும். "என்ன மேஸ்திரி இது?" என்று ஏசுபாதம் கேட்பார். "சாஞ்சிகினு கீது சார்" என்பார் சின்னப்பன், நிலைக்கே மனசு மாறிவிட்டது என்கிற தோரணையில். "சரி, நிமித்திடுங்க" என்பார் ஏசுபாதம். சாப்பாட்டு வேளைக்குள் நிமிர்ந்துவிடும். யார் மனசும் நோகாது.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் கம்பெனிக்கு மேடவாக்கத்தில் ஒரு வேலை படிந்தது. நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி, மூன்று மாடி. தனி வீடும் மேல்மாடியும் கார் ஷெட்டும் கட்டிக்கொண்டிருந்த கம்பெனிக்கு அது பெரிய இடம். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். சைட்டுக்குப் பொறுப்பாக நிற்பவரிடம் கட்டுமான மேலாண்மைச் சங்கத்தின் சான்றிதழ் இருக்க வேண்டும். கிண்டியில் இருந்த அந்தச் சங்கம், அனுபவ அறிக்கை ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு, நாற்பது நிமிஷம் நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். ஆள் சரிப்பட்டால் சான்றிதழ் கொடுக்கும்.

முதலாளி ஏசுபாதத்தைக் கூப்பிட்டார். "டிப்ளமாவுக்குப் பத்து வருஷ அனுபவம் இருந்தா போதுமாம். நீங்க அப்ளிகேஷன் போட்டுடுங்க. நவம்பர்ல இன்டர்வியூ. கிடைச்சா நீங்கதான் இன்சார்ஜ். கிடைக்கலேன்னா வெளியிலேர்ந்து ஒருத்தரைக் கொண்டுவரணும், எனக்கு வேற வழியில்லை. தை மாசம் வேலை ஆரம்பிச்சாகணும்."

அன்று சாயங்காலம் ஏசுபாதம் மொபெட்டை வீட்டுக்குத் திருப்பாமல் மேடவாக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே அப்போது வயலும், செங்கல் சூளையும், நடுநடுவே முள் காடும்தான். மனையின் நான்கு மூலையிலும் கல் நட்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான்காவது கல்லுக்கு வரும்போது, இது எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. பதினாறு வருஷத்தில் ஒரு வேலையை அவர் அப்படி நினைத்ததில்லை. தனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை, பேபியைத் தவிர.

பேபி அவர் மனைவி. தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பதினான்கு வருஷமாக, ஒரு நாளைக்கு இருநூறு தடவை "யார் பேசறீங்க?" என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். பதில் வராமல் லைனைக் கொடுக்க மாட்டாள். அஸ்தினாபுரம் வீட்டில் அவர்களுக்கு இரண்டு அறை, ஒரு முருங்கை மரம், ஒரு பெண் குழந்தை, அவ்வளவுதான். ஏசுபாதம் மேடவாக்கத்து மனையைப் பற்றிச் சொல்லி முடித்ததும், "அப்போ எடுத்துக்க வேண்டியதுதான்" என்றாள் பேபி, கடையில் கத்தரிக்காயைக் காட்டுகிற மாதிரி.

விண்ணப்பம் வாங்கக் கிண்டிக்குப் போன அன்று, மின்சார ரயிலில் பக்கீர் முகமது அகப்பட்டார். டிப்ளமா படிக்கும்போது இருவரும் ஒரே பெஞ்ச். இப்போது பக்கீருக்கு வேறொரு கம்பெனியில் அளவெடுத்து பில் போடுகிற வேலை. இதே நேர்முகத்துக்குப் போய் முதல் தடவை தோற்று, மறு தடவை தேறியவர்.

"நான் ஏன் ஃபெயிலானேன் தெரியுமா மச்சான்? எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் 'நாங்க இப்படிப் பண்ணோம், நாங்க அப்படிப் பண்ணோம்'னேன். எதிர்ல ஒரு அம்மா, பென்சிலை வெச்சுக்கிட்டு பேப்பர்ல கோடு கோடா போட்டுக்கிட்டே வந்தாங்க. கடைசியில எண்ணிப் பார்த்துட்டு, பதினேழு 'நாங்க' வந்திருக்கு, ஒரு 'நான்'கூட வரலை, சர்டிபிகேட்டை உங்களுக்குக் குடுக்கணுமா உங்க கம்பெனிக்குக் குடுக்கணுமான்னு கேட்டாங்க."

"நான் 'நாங்க'ன்னு சொல்றதே இல்லையே" என்றார் ஏசுபாதம் நிம்மதியாக.

பக்கீர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உன் கேஸு இன்னும் மோசம். நீ யாரையுமே சொல்றதில்லை."

பக்கீர் சொன்னது எவ்வளவு நிஜம் என்பது அனுபவ அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது தெரிந்தது. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் சைட் டைரியில் எழுதுகிற ஆங்கிலம் ஆச்சுவினைக்குக் கூடப்பிறந்த அண்ணன். எல்லாம் 'வாஸ் டன்', எல்லாம் 'வாஸ் செக்டு'. எட்டுப் பக்கம் எழுதிவிட்டுத் திருப்பிப் பார்த்தால் முப்பத்திரண்டு வீடுகள் இருந்தன, அவர் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேபி நேர்முகம் வைத்தாள். சர்ச்சிலிருந்து வந்து, கறிக்குழம்பு அடுப்பில் கொதிக்கும்போது, சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் அவள், மறு பக்கம் அவர்.

"உட்காருங்க மிஸ்டர் ஏசுபாதம். செம்பாக்கம் வீட்டுல மண்ணு சரியில்லைன்னு எழுதியிருக்கீங்க. என்ன பண்ணீங்க?"

"மண்ணை டெஸ்ட்டுக்கு அனுப்பியாச்சு. அஸ்திவாரத்தை ரெண்டடி ஆழப்படுத்தியாச்சு."

"யார் அனுப்பினது?"

"அதான், அனுப்பியாச்சு."

"லைன்ல யார் பேசறீங்க?"

ஏசுபாதம் தண்ணீர் குடித்தார். "நான் அனுப்பினேன்" என்றார், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடப்போகிறது என்பதுபோல மெதுவாக. உள்ளே இருந்து மகள் சிரித்தாள். பேபி சிரிக்கவில்லை. "அடுத்த கேள்வி" என்றாள்.

புரட்டாசி முடிவதற்குள் 'நான்' அவர் வாயில் படிந்துவிட்டது. படிந்தது மட்டுமில்லை, கொஞ்சம் ருசிக்கவும் ஆரம்பித்தது. அஸ்தினாபுரத்தில் அப்போது ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரரின் மைத்துனர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். "ரூஃப் எப்போ போட்டாங்க?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஏசுபாதம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "போன வியாழக்கிழமை நான்தான் போட்டேன். ஒரே நாள்ல போட்டு முடிச்சேன்" என்றார்.

தலையில் சாந்துச் சட்டியோடு போய்க்கொண்டிருந்த தனம் அப்படியே நின்றுவிட்டாள். சித்தாள்களில் மூத்தவள், யாருக்கும் பயப்படுகிற சுபாவமில்லை.

"இன்னா சார், நீங்க ஒண்டியா போட்டீங்களா? அப்ப அன்னிக்கு விடியகாலைலேர்ந்து சட்டி தூக்கிகினு ஏணி ஏறுனோமே, நாங்கல்லாம் யாரு?"

சைட்டே சிரித்தது. ஏசுபாதமும் சிரித்தார். ஆனால் அன்று முழுவதும் அவருக்கு முகம் சரியில்லை. தனம் கேட்டதில் என்ன தப்பு? நாற்பது பேர் தோள் வலிக்கத் தூக்கிக் கொட்டியதை ஒரு ஆள் 'நான் போட்டேன்' என்று சொன்னால் அது பச்சைப் பொய். 'போட்டாச்சு' என்றால் ஒருத்தரும் இல்லை, 'போட்டேன்' என்றால் பொய். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பேபியிடம் சொன்னார். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யோசித்துவிட்டு, மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேட்டாள்: "அப்போ நாற்பது பேர் வேலை செய்யறப்போ, நீங்க அங்க நின்னுக்கிட்டு என்னதான் பண்ணீங்க?"

அவளுக்கு அது வெறும் கேள்வி. அவருக்குக் கத்தி. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று தோசையோடு எழுந்துவிட்டார். அவர் கணக்கில் அது பட்டினி. பதினாறு வருஷம் வெயிலில் நின்றது எதற்கு? குடை பிடித்துக்கொண்டு நின்ற ஒரு ஆளுக்கு ஆஸ்பத்திரியை ஏன் கொடுக்க வேண்டும்?

மூன்றாம் நாள் அவர் ஒரு காரியம் செய்தார். சட்டைப் பையில் இருக்கிற சின்ன நோட்டில், காலை ஏழரையிலிருந்து மாலை ஆறு வரை, தான் மட்டும் செய்ததை, வேறு யாரும் செய்யாததை, செய்த உடனே எழுதினார். வினைச்சொல் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டார். ஒரு வாரம் எழுதினார். சின்னப்பன், சார் யார் மேலேயோ புகார் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டு அந்த வாரம் முழுவதும் ஒழுங்காக வேலை செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் பேபியிடம் கொடுத்தார். அவள் உரக்கப் படித்தாள். "பார்த்தேன். கேட்டேன். மறுபடி கேட்டேன். ஜல்லி லோடைத் திருப்பி அனுப்பினேன். சிமெண்ட் வரும் வரை காத்திருந்தேன். இன்றைக்குச் சுவரை எழுப்ப வேண்டாம் என்றேன். தண்ணீர் ஊற்றினார்களா என்று போய்த் தொட்டுப் பார்த்தேன். எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினேன். தீர்மானித்தேன். தீர்மானித்ததை மாற்றினேன்." பக்கத்தைத் திருப்பினாள். "ஒரு இடத்துலகூட கட்டினேன்னு இல்லையே."

"கட்டறது அவங்க. என் வேலை இதுதான் போலிருக்கு" என்றார் ஏசுபாதம். "இத்தனை நாளா இதைத்தான் பண்ணிட்டிருந்திருக்கேன், எனக்கே தெரியலை." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"கடைசியில ஒண்ணு எழுதி அடிச்சிருக்கீங்களே. 'நிறுத்தினேன்'. எதை நிறுத்தினீங்க?"

"அது இந்த வாரத்துது இல்லை. பழசு. விடு."

அவள் விடவில்லை. அவள் எந்த லைனையும் பாதியில் விட்டதில்லை. அவர் சொன்னார்.

1989-இல், ஐப்பசி மாதம். பக்தவச்சலம் என்று ரயில்வேயில் ரிட்டயரான ஒருவரின் வீடு, குரோம்பேட்டையில். ரூஃப் கான்கிரீட்டுக்குக் காலை ஆறு மணிக்கு நல்ல நேரம் பார்த்திருந்தார். நாற்பது ஆள் வந்தாயிற்று, மிக்ஸர் மெஷின் ஓடுகிறது, எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டி, வீட்டுக்காரரும் அவர் சம்சாரமும் ஆளுக்கொரு சட்டி கொட்டிவிட்டார்கள். இன்னும் ஐந்தாறு சட்டி விழுந்திருக்கும். ஏசுபாதம் கடைசியாக ஒரு தடவை கீழே போய்ப் பார்த்தார். முந்தின நாள் நல்ல மழை. ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைக்கு முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்புகளில், மூலை அறையில் இருந்த ஆறு கம்பு ஒரு அங்குலம் மண்ணில் இறங்கியிருந்தன. அந்த அறைக்கு மட்டும் புதிதாக மண் கொட்டியிருந்தது. ஒரு கம்பைக் கையால் ஆட்டினார், ஆடியது. சின்னப்பன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாது சார், போட்டுகினே போலாம்" என்றார். ஏசுபாதம் மேலே போய் மெஷினை அணைத்துவிட்டார்.

"நல்ல நேரத்துல ஆரம்பிச்சதை நிறுத்தறீங்களே, நீங்க மனுஷனா?" என்று பக்தவச்சலம் கத்தினார். முதலாளி வந்து எல்லார் எதிரிலும் திட்டினார். நாற்பது பேரைத் திருப்பி அனுப்பி, மண்ணை இறுக்கி, கம்புக்கு அடியில் பலகை போட்டு, நான்கு நாள் கழித்துத்தான் கான்கிரீட் விழுந்தது. பக்தவச்சலம் கிரகப்பிரவேசத்துக்கு மேஸ்திரியைக் கூப்பிட்டார், ஏசுபாதத்தைக் கூப்பிடவில்லை.

"நிறுத்தலேன்னா விழுந்திருக்குமா?" என்றாள் பேபி.

"தெரியாது. அதான் பேஜார். விழாத ரூஃபைக் காட்டி, இது விழுந்திருக்கும்னு யார்கிட்ட சொல்றது?"

"இதை அங்க சொல்லுங்க."

"வேணாம். முடிச்ச வேலையைத்தான் கேப்பாங்க. நிறுத்தின வேலையைப் போய் யாராவது பெருமையா சொல்லுவாங்களா?"

நேர்முகத்தன்று காலையிலிருந்து மழை. பேபி இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை பல்லாவரம் தாண்டுவதற்குள் நசநசத்துப்போயிற்று. கிண்டியில் இறங்கி, சங்கத்து வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனால் மூன்று பேர். இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு அம்மா. அந்த அம்மாவின் கையில் பென்சில்.

தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்லலாம் என்றார்கள். மரியாதைக்காக ஏசுபாதம் ஆங்கிலத்தில் தொடங்கினார். அதுதான் அவர் செய்த முட்டாள்தனம். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எதில் நாள் தவறினால் மொத்தமும் தவறும் என்று கோடு போட்டுக் காட்டச் சொன்னார்கள், காட்டினார். பாதுகாப்பைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னார். செம்பாக்கத்து மண்ணைப் பற்றிக் கேட்டதும் அவருக்கே தெரியாமல் பழைய வாய் வந்து உட்கார்ந்துகொண்டது. டெஸ்ட் வாஸ் டன். ஃபவுண்டேஷன் வாஸ் லோயர்டு. டிசிஷன் வாஸ் டேக்கன். யார் எடுத்தது என்று அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டார். ஏசுபாதம் ஒவ்வொரு தடவையும் தடுமாறினார். பென்சில் காகிதத்தில் ஏழு தடவை இறங்கியது. அவர் எண்ணிக்கொண்டிருந்தார். பேபி மூன்று மாதம் சொல்லிக் கொடுத்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மேடவாக்கம் போச்சு என்று நினைத்தார். அழுகை வருகிற மாதிரி இருந்தது, முப்பத்தொன்பது வயதில்.

அந்த அம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "தமிழ்லயே சொல்லுங்க. பதினாறு வருஷத்துல நீங்க மட்டும் பண்ணது, வேற யாரும் பண்ணியிருக்க மாட்டாங்கன்னு நீங்க நினைக்கிறது, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

ஏசுபாதம் வாயைத் திறந்தார். தயார் செய்து வைத்திருந்த பதில் எதுவும் வரவில்லை. "ஒரு ரூஃப் கான்கிரீட்டை நிறுத்தினேன்" என்றார்.

பிறகு தடையில்லாமல் வந்தது. கீழே போனேன், கம்பை ஆட்டினேன், மேலே ஏறினேன், மெஷினை அணைச்சேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எலுமிச்சம்பழத்தையும் விடவில்லை.

வலது பக்கம் இருந்தவர், பெரிய கட்டடங்களில் வேலை பார்த்தவர் என்பது பார்த்தாலே தெரிந்தது, இடையில் புகுந்தார். "ஈர மண்ணுல கம்பு ஒரு அங்குலம் இறங்கறது சகஜம். ரூஃப் விழுந்திருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. விழாமலே இருந்திருக்கலாம்."

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

"தெரியாததாலதான் நிறுத்தினேன். மேல நாற்பது பேர் இருந்தாங்க. கீழே கம்பைப் பிடிச்சுக்கிட்டு மேஸ்திரி நின்னுக்கிட்டிருந்தார்."

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "உங்க முதலாளி வந்து கேட்டப்போ என்ன சொன்னீங்க?"

ஏசுபாதத்துக்கு இதைச் சொல்லாமல் விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தெரியும். ஆனால் பேச்சு இவ்வளவு தூரம் ஓடி வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. "வேலை நின்னுடுச்சு சார்னு சொன்னேன். டைரியிலயும் அப்படித்தான் எழுதினேன்."

"நிறுத்தினேன்னு ஏன் சொல்லலை?"

"பயம்" என்றார் ஏசுபாதம்.

"ஆஸ்பத்திரியில அப்படி எழுத முடியாதே, மிஸ்டர் ஏசுபாதம்" என்றார் அந்த அம்மா. பென்சிலை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். கோடு போட்டாரா, வேறு எதுவுமா என்று இவருக்குத் தெரியவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் கடிதம் வந்தது. சான்றிதழும் கூடவே இருந்தது. பேபி அதை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லோரிடமும் காட்டினாள். பக்கீர் முகமது ரம்ஜானுக்குத் தருகிற அளவுக்கு ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொண்டுவந்து கொடுத்தார். ஏசுபாதம் சந்தோஷமாக இருந்தார், நாலு பேர் விசாரித்தால் இன்னும் சந்தோஷமாக இருந்தார். முதலாளி மேடவாக்கத்தில் போர்டு வைத்தார். அதில் பொறுப்பாளர் என்கிற இடத்தில் அவர் பெயர் எழுதியிருந்தது. பெயின்டர் சு-வை சூ ஆக்கியிருந்தார். அதை அவர் திருத்தச் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தது.

தை மாதம் அஸ்திவாரத்துக்குக் குழி எடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் ஏசுபாதம் டேப்பைப் பிடித்துப் பார்த்தார், இன்னொரு தடவையும் பிடித்துப் பார்த்தார். புதிதாக எழுப்பியிருந்த காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டிய அளவை வெளிப்பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். கிழக்கு வரிசையில் ஆறு குழியும் ஒன்பது அங்குலம் தள்ளி விழுந்திருந்தன. முந்தின நாள் சாமான் வாங்கக் குரோம்பேட்டைக்குப் போன அவசரத்தில் அவர் அளவைச் சரிபார்க்காமல் குழி வெட்ட விட்டிருந்தார். டேப்பை அவர் மடக்குவதற்குள் முதலாளியின் கார் வந்து நின்றது. கூட ஆஸ்பத்திரி டாக்டரும் இறங்கினார்.

சரியான அளவில் ஏசுபாதம் இப்போது கட்டிப் பார்த்த நூல் ஒரு பக்கமும் குழி ஒரு பக்கமுமாகக் கிடந்ததை முதலாளி பார்த்துவிட்டார். "என்ன இது?"

"தள்ளிப்போயிடிச்சி சார்" என்றார் சின்னப்பன்.

"தானா தள்ளிப்போச்சா? யார் பண்ணது?"

எல்லோரும் அவரவர் காலைப் பார்த்தார்கள். தனம்கூடத்தான். ஏசுபாதத்தின் கையில் அப்போதுதான் வந்த டீ இருந்தது.

"நான் சார். அளவை செக் பண்ணாம வெட்ட விட்டுட்டேன். என் தப்பு. ரெண்டு நாள்ல சரி பண்ணிக் குடுத்துடறேன்."

முதலாளி அவரைப் பார்த்தார். டாக்டர் வாட்ச்சைப் பார்த்தார். "ரெண்டு நாள்தானே? பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, இருவரும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அவ்வளவுதான். ஏசுபாதம் நின்ற இடத்திலேயே டீயைக் குடித்தார். இன்னும் சூடு ஆறவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் பதினாறு வருஷம் ஓட்டினோமா என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு லேசாக இருந்தது, பசிக்கவும் செய்தது.

கார் போன பிறகு சின்னப்பன் பக்கத்தில் வந்து நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். எதையோ சொல்ல வந்து, இருமி, குழியைப் பார்த்து, மறுபடி இருமினார்.

"சார். நான்தான் சார் வெளிப்பக்கத்துலேர்ந்து டேப்பு புட்ச்சேன்."

பத்து வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து ஏசுபாதம் கேட்டதில்லை. மேஸ்திரியின் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. அதைப் பார்க்காத மாதிரி டீ டம்ளரைக் கல்லின்மேல் வைத்தார்.

"தெரியும் மேஸ்திரி" என்றார். "அந்த முனையைப் பிடிங்க. இப்போ நான் பார்க்கிறேன்."